வளர்முக நாடுகளின் சுகாதாரத் தகவல்கள்: எந்தக் கருவி, யார் கையில்?

2025ஆம் ஆண்டு ஜனவரி மாத இறுதியில், பெப்ஃபார் எனப்படும் அமெரிக்காவின் எச்ஐவி நிவாரணத் திட்டத்தின் கணினித் தகவல் அமைப்புகள் மூடப்பட்டன. வெளிநாட்டு உதவிகளை 90 நாட்களுக்கு நிறுத்தி வைக்குமாறு அதிபர் டொனால்ட் டிரம்ப் பதவியேற்ற நாளன்றே பிறப்பித்த உத்தரவைத் தொடர்ந்து எடுக்கப்பட்ட நடவடிக்கை அது. எந்த மாவட்டத்தில் எத்தனை பேர் மருந்து உட்கொள்கிறார்கள், எத்தனை கர்ப்பிணிகளுக்குப் பரிசோதனை செய்யப்பட்டது என்பன போன்ற விவரங்களை ஆண்டுக்கணக்கில் அனுப்பி வந்தவர்கள், தாங்கள் அனுப்பிய புள்ளிவிவரங்களைத் தாங்களே பார்க்க முடியாத நிலைக்குத் தள்ளப்பட்டார்கள்.

இதில் அதிகம் பேசப்படாத ஒரு விடயம் உண்டு. மூடப்பட்ட அமைப்புகளில் முக்கியமானதான டேட்டிம், டிஎச்ஐஎஸ்-2 என்ற இலவச மென்பொருளின் மீது கட்டப்பட்டது. கென்யா, உகாண்டா போன்ற நாடுகளின் சுகாதார அமைச்சுகளும் தமது தேசியப் புள்ளிவிவரங்களுக்கு இதே மென்பொருளைத்தான் பயன்படுத்தி வந்தன. அமைச்சுகளின் சொந்தக் கட்டுப்பாட்டில் இருந்த சர்வர்களுக்கு வாஷிங்டனின் உத்தரவு பொருந்தவில்லை. மென்பொருள் ஒன்றே. சர்வரின் சாவி யாரிடம் இருந்தது என்பதில்தான் வேறுபாடு.

வளர்முக நாடொன்றின் சுகாதார அமைச்சு, தன்னிடம் குவியும் தகவல்களைத் தொகுத்து ஆராய ஒரு மென்பொருளைத் தெரிவு செய்யும்போது வழமையாகக் கேட்கப்படும் கேள்விகள் வேறு. என்ன விலை, எவ்வளவு வேகம், வரைபடங்கள் எவ்வளவு தெளிவு என்பவற்றையே ஒப்பந்தப்புள்ளி ஆவணங்கள் கேட்கின்றன. தலைநகரின் மாநாட்டு மண்டபத்தில் விற்பனையாளர்கள் திரையில் காட்டும் வண்ணப் படங்களும் இவற்றுக்குத்தான் பதில் சொல்கின்றன. ஆனால் கடந்த 30 ஆண்டுகளில் ஆப்பிரிக்காவிலும் தெற்காசியாவிலும் இத்தகைய கருவிகள் நிலைத்ததற்கும் வீழ்ந்ததற்கும் பெரும்பாலும் வேறு காரணங்களே இருந்தன. தகவலை எழுதுபவருக்கு அதனால் பயன் உண்டா, பழுதானால் சரிசெய்ய உள்நாட்டில் ஆள் உண்டா, பணம் கொடுப்பவர் விலகினால் தகவல் யாரிடம் தங்கும் என்பவையே அவை.

14 துறைகளின் மிச்சம்

டிஎச்ஐஎஸ் மென்பொருளின் கதை தென்னாப்பிரிக்காவில் தொடங்குகிறது. நிறவெறி ஆட்சி முடிவுக்கு வந்த 1994இல் அந்த நாட்டில் சுகாதாரத்துக்கென்று 14 தனித்தனித் துறைகள் இருந்தன. வெள்ளையர், கலப்பினத்தவர், இந்திய வம்சாவளியினர் ஆகியோருக்கும், கறுப்பினத்தவருக்கென ஒதுக்கப்பட்ட தாயகப் பகுதிகளுக்கும் என்று பிரிந்து கிடந்த நிர்வாகங்கள் அவை. ஒவ்வொன்றுக்கும் தனித்தனிப் படிவங்கள் இருந்தன. ஒரே நாட்டில் எத்தனை குழந்தைகளுக்குத் தடுப்பூசி போடப்பட்டது என்ற எளிய கேள்விக்குக்கூட ஒரே பதிலைப் பெற வழியில்லை.

கேப் டவுனில் பொதுச் சுகாதாரத் துறையினரும், நார்வேயின் ஒஸ்லோ பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த யோர்ன் பிரா உள்ளிட்ட ஆய்வாளர்களும் சேர்ந்து இதற்கு ஒரு வழி தேடினார்கள். 1990களின் இறுதியில் அவர்கள் உருவாக்கிய முதல் மென்பொருள் ஆடம்பரமான ஒன்றல்ல. அலுவலகக் கணினிகளில் பரவலாக இருந்த மைக்ரோசாஃப்ட் ஆக்சஸைக் கொண்டே அது எழுதப்பட்டது. அதன் பின்னால் இருந்த எண்ணம்தான் புதியது. தலைநகரம் கேட்கும் விவரங்களின் பட்டியல் மிகச் சிறியதாக இருக்க வேண்டும். மாகாணமும் மாவட்டமும் தத்தமது தேவைக்கேற்ப அதனுடன் வேண்டியதைச் சேர்த்துக்கொள்ளலாம். ஆனால் மேலே அனுப்ப வேண்டிய குறைந்தபட்சப் பட்டியலை எவரும் மாற்றக்கூடாது.

இது ஏதோ படிவம் குறித்த நுணுக்கம் என்று தோன்றலாம். ஒரு கிராமச் சுகாதார நிலையத்தை நினைத்துப் பார்த்தால் அதன் கனம் புரியும். காலையில் நோயாளிகளைப் பார்த்து, தடுப்பூசி போட்டு, பிரசவத்துக்கு உதவும் அதே செவிலியர்தான் கர்ப்பிணிகளுக்கு ஒரு பதிவேடு, தடுப்பூசிக்கு ஒரு பதிவேடு, காசநோய்க்கு ஒன்று, எச்ஐவிக்கு ஒன்று, மலேரியாவுக்கு ஒன்று என்று எழுதுகிறார். மாதக் கடைசியில் அவற்றில் கோடு கோடாகப் போட்டு எண்ணி, கூட்டி, படிவங்களில் நிரப்பி அனுப்புகிறார். அந்த எண்கள் திரும்பி வருவதில்லை. தன் கிராமத்தில் முதல் ஊசி போட்டுக்கொண்ட குழந்தைகளில் எத்தனை பேர் மூன்றாவது ஊசிக்கு வரவில்லை என்பதைக்கூட அவர் அனுப்பிய கணக்கிலிருந்து அவருக்கு எவரும் எடுத்துச் சொல்வதில்லை. தனக்குப் பயன்படாத கணக்கை ஒருவர் எத்தனை காலம் கவனத்துடன் எழுதுவார்? மாதந்தோறும் ஒரே எண் திரும்பத் திரும்ப வரும் அறிக்கைகள் இப்படித்தான் பிறக்கின்றன.

எதிர்த் திசையில் போன முயற்சியும் அதே தென்னாப்பிரிக்காவில் உண்டு. இப்போது லிம்போபோ என்று அழைக்கப்படும் வட மாகாணத்தின் 42 மருத்துவமனைகளையும் ஒரே கணினி அமைப்பின் கீழ் கொண்டுவரப் பெரும் செலவில் ஒரு திட்டம் தீட்டப்பட்டது. அது எதிர்பார்த்த பலனைத் தரவில்லை. அதன் தோல்வியை ஆராய்ந்து 2003இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னல் இதழில் வெளியான கட்டுரை, இத்துறையில் இன்றும் பாடமாகப் படிக்கப்படுகிறது.

இணையமும் தடையுத்தரவும்

2004இல் ஒஸ்லோ குழுவினர் இணையவழி இயங்கும் புதிய பதிப்பை எழுதத் தொடங்கினார்கள். எவரும் கட்டணமின்றிப் பெற்று, மாற்றி, பயன்படுத்தக்கூடிய திறந்த மூல மென்பொருளாக அது வெளியிடப்பட்டது. 2006இல் அது முதன்முதலாகச் சோதித்துப் பார்க்கப்பட்ட இடங்களில் கேரளமும் ஒன்று. இன்று 75க்கும் அதிகமான நாடுகள் தமது சுகாதாரப் புள்ளிவிவரங்களுக்கு இதைப் பயன்படுத்துகின்றன.

திருப்புமுனையாக அமைந்தது கென்யா. 2009இல் கிழக்கு ஆப்பிரிக்கக் கரையை எட்டிய கடலடி இணைய இழைகளும், மலிவாகிப்போன கைபேசி இணைப்பும் சேர்ந்து, மாவட்ட அலுவலகங்கள் மோடம் ஒன்றைச் செருகி நேரடியாகத் தேசிய அமைப்பில் எழுதுவதைச் சாத்தியமாக்கின. 2011ஆம் ஆண்டுக்குள்ளாகவே நாடு முழுவதும் அது நடைமுறைக்கு வந்தது. ஒவ்வொரு மாவட்டக் கணினியிலும் மென்பொருளை நிறுவி, வைரஸ் தாக்கும்போதெல்லாம் ஆள் அனுப்பிச் சரிசெய்யும் தேவை இல்லாமல் போனது. ஆனால் நைரோபியில் அமைச்சின் சொந்த சர்வரை இயக்கப் போதிய வசதி இல்லாததால், வெளிநாட்டு நிறுவனம் ஒன்றிடம் வாடகைக்கு எடுத்த சர்வரிலேயே அந்த அமைப்பு தொடங்கியது. அன்று அது எவரையும் பெரிதாக உறுத்தவில்லை.

அண்டை நாடான உகாண்டாவின் சிக்கல் வேறு விதமானது. அங்கே கருவிகளுக்குப் பஞ்சமில்லை, மிகுதிதான் தொல்லையாக இருந்தது. ஒவ்வொரு கொடை நிறுவனமும் தனக்குப் பிடித்த கைபேசிச் செயலியுடன் ஒரு மாவட்டத்தில் இறங்கி, முன்னோட்டத் திட்டம் ஒன்றை நடத்தி, அறிக்கை வெளியிட்டுவிட்டுப் போனது. 2008, 2009ஆம் ஆண்டுகளில் அங்கு நடந்த 36 கைபேசிச் சுகாதாரத் திட்டங்களில் 23 முன்னோட்டக் கட்டத்தைத் தாண்டவில்லை என்று பின்னர் கணக்கிடப்பட்டது. 2012 ஜனவரியில், அமைச்சின் அனுமதியில்லாமல் புதிய மின்னணுச் சுகாதாரத் திட்டம் எதுவும் தொடங்கக்கூடாது என்று உகாண்டாவின் சுகாதாரச் சேவைகள் தலைமை இயக்குநராக அப்போது இருந்த ஜேன் ரூத் அச்செங் உத்தரவிட்டார். புதுமைக்கு எதிரான நடவடிக்கை என்று சிலர் முகம் சுளித்தார்கள். ஒரே செவிலியரின் கையில் மூன்று நிறுவனங்களின் மூன்று கைபேசிகளைக் கொடுத்து, ஒரே தகவலை மூன்று முறை தட்டச்சுச் செய்ய வைப்பதைப் புதுமை என்று சொல்வதானால் அவர்களின் வாதம் சரியே.

அறிக்கையும் உண்மையும்

கருவி எவ்வளவு நேர்த்தியாக இருந்தாலும் அதற்குள் போகும் எண் சரியாக இருக்க வேண்டும். இந்த இடத்தில்தான் பல நாடுகளின் அனுபவம் கசப்பாக முடிந்திருக்கிறது.

தடுப்பூசிகளுக்கான சர்வதேசக் கூட்டமைப்பான கேவி, 2000ஆம் ஆண்டில் தொடங்கப்பட்டது. முன்பிருந்த அளவைவிடக் கூடுதலாகத் தடுப்பூசி பெறும் ஒவ்வொரு குழந்தைக்கும் 20 டாலர் வீதம் ஏழை நாடுகளுக்கு ஊக்கத்தொகை வழங்கும் ஏற்பாட்டை அது கொண்டுவந்தது. நோக்கம் நல்லதுதான். ஆனால் 2008 டிசம்பரில் லான்செட் மருத்துவ இதழில் வாஷிங்டன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் வெளியிட்ட கணக்கு பலரையும் திடுக்கிட வைத்தது. இந்தத் திட்டத்தில் சேர்ந்த நாடுகள் 2006 வரை கூடுதலாகத் தடுப்பூசி போட்டதாகத் தெரிவித்த குழந்தைகளின் எண்ணிக்கை 1 கோடியே 39 லட்சம். வீடு வீடாக நடத்தப்பட்ட ஆய்வுகளைக் கொண்டு கணித்தபோது அது 74 லட்சமாக, ஏறத்தாழ பாதியாக இருந்தது.

எல்லோரும் பொய்க் கணக்கு எழுதினார்கள் என்று இதற்குப் பொருள் கொள்ள வேண்டியதில்லை. கூட்டல் பிழையும், ஒரே குழந்தை இரண்டு இடங்களில் எண்ணப்படுவதும் இதில் அடங்கும். இன்னொரு காரணம் மக்கள்தொகை. ஒரு மாவட்டத்தில் 1,000 குழந்தைகள் பிறந்திருக்கலாம் என்று பழைய கணக்கெடுப்பை வைத்து மதிப்பிடுகிறார்கள் என்று கொள்வோம். இடம்பெயர்ந்து வந்தவர்களையும் சேர்த்து உண்மையில் 1,300 குழந்தைகள் இருந்து, 1,100 பேருக்கு ஊசி போட்டால், கணினி 110 சதவீதம் என்று காட்டும். ஊசி போடப்படாத 200 குழந்தைகள் அந்தத் திரையில் எங்கும் தெரிய மாட்டார்கள். நைஜீரியாவில் கடைசியாக மக்கள்தொகைக் கணக்கெடுப்பு நடந்தது 2006இல். கொங்கோ ஜனநாயகக் குடியரசில் 1984இல். இந்தியாவிலும் 2021இல் நடந்திருக்க வேண்டிய கணக்கெடுப்பு தள்ளிப்போனது. அடிப்படை எண்ணே ஊகமாக இருக்கும்போது, அதன் மீது எந்த விலையுயர்ந்த மென்பொருளை வைத்தாலும் அது ஊகத்தை அழகாக வரைந்து காட்டும், அவ்வளவுதான்.

லான்செட் ஆய்வாளர்களுக்கு உண்மையைக் காட்டிய வீட்டு ஆய்வுகளில் பல, டிஎச்எஸ் எனப்படும் மக்கள்தொகை மற்றும் சுகாதார ஆய்வுத் திட்டத்தின் கீழ் வந்தவை. அமெரிக்காவின் யுஎஸ்எய்ட் நிதியில் 1984 முதல் 90க்கும் அதிகமான நாடுகளில் 400க்கும் மேற்பட்ட ஆய்வுகளை நடத்திய திட்டம் அது. இந்தியாவின் தேசியக் குடும்ப நல ஆய்வும் அந்த மரபில் வந்ததே. அரசுகள் சொல்லும் கணக்கைச் சரிபார்க்க ஏழை நாடுகள் பலவற்றில் இருந்த ஒரே உரைகல் என்றுகூட இதைச் சொல்லலாம். 2025 பிப்ரவரியில் இத்திட்டமும் நிறுத்தப்பட்டது. பாதியில் நின்ற ஆய்வுகளில் சிலவற்றைத் தொடர கேட்ஸ் அறக்கட்டளை பின்னர் தற்காலிக நிதி வழங்கியது. ஆனால் தற்காலிக நிதியைக் கொண்டு அடுத்த பத்தாண்டுக்குத் திட்டமிட எவராலும் முடியாது.

இந்தியாவில் இந்த ஆய்வை 1992-93இல் இருந்தே மும்பையில் உள்ள சர்வதேச மக்கள்தொகை அறிவியல் நிறுவனம் முன்னின்று நடத்தி வருவதால், அங்கே அறிவும் அனுபவமும் உள்நாட்டிலேயே தங்கியிருக்கின்றன. மாதிரிக் கிராமங்களைத் தெரிவு செய்வதிலிருந்து இறுதி அட்டவணை வரை வெளிநாட்டு நிபுணர்களை நம்பியிருந்த ஆப்பிரிக்க நாடுகளின் நிலைமை அப்படியல்ல.

வடக்கும் கிழக்கும் இல்லாத கணக்கு

ஆய்வுகளிலும் விடுபடல்கள் உண்டு. இலங்கைத் தமிழர்களுக்கு இது புதிய செய்தியாக இராது. இலங்கையில் 1987இல் நடந்த முதல் டிஎச்எஸ் ஆய்விலும், 1993, 2000ஆம் ஆண்டுகளில் நடந்தவற்றிலும் போர் காரணமாக வடக்கு, கிழக்குப் பகுதிகள் தவிர்க்கப்பட்டன. 2006-07 ஆய்வில் கிழக்கு மாகாணம் சேர்ந்தது, வடக்கு மாகாணம் சேரவில்லை. நாட்டின் 25 மாவட்டங்களையும் உள்ளடக்கிய முதல் ஆய்வு 2016இல்தான் நடந்தது.

இடைப்பட்ட சுமார் 30 ஆண்டுகளில், தாய் சேய் நலத்தில் தெற்காசியாவுக்கே முன்னுதாரணம் என்று இலங்கை உலக அரங்கில் பாராட்டப்பட்டு வந்தது. அந்தப் பாராட்டுக்கு ஆதாரமாகக் காட்டப்பட்ட அட்டவணைகளில் பலவற்றின் அடியில், வடக்கும் கிழக்கும் சேர்க்கப்படவில்லை என்று சிறிய எழுத்தில் ஒரு குறிப்பு இருந்தது. கிளிநொச்சியிலோ முல்லைத்தீவிலோ அந்த ஆண்டுகளில் எடை குறைந்து பிறந்த குழந்தைகள் எத்தனை பேர் என்பதை மற்ற மாவட்டங்களுடன் ஒப்பிட்டுச் சொல்ல இன்று எந்த மென்பொருளாலும் முடியாது. எண்ணப்படாத இடம் வரைபடத்தில் வெறுமையாகத் தெரிந்தால் பார்ப்பவர் கேள்வி கேட்பார். தேசிய சராசரி என்ற ஒற்றை எண்ணுக்குள் அது மறைந்துபோகும்போது எவரும் கேட்பதில்லை. பகுப்பாய்வுக் கருவிகளைத் தெரிவு செய்பவர்கள், தகவல் வராத இடங்களை அந்தக் கருவி எப்படிக் காட்டுகிறது என்று பார்ப்பது ஏன் அவசியம் என்பதற்கு இதைவிட நெருக்கமான உதாரணம் தமிழ் வாசகர்களுக்குக் கிடைப்பது அரிது.

கொழும்பிலிருந்து நார்வேக்கு

அதே இலங்கை, வேறொரு காரணத்துக்காக இத்துறையில் பெயர் பெற்றது. கொழும்புப் பல்கலைக்கழகத்தின் பட்டப்பின் மருத்துவ நிறுவகம், மருத்துவர்களுக்கு உயிர்மருத்துவத் தகவலியல் முதுநிலைப் பட்டப்படிப்பு ஒன்றை நார்வேயின் ஆதரவுடன் 2009இல் தொடங்கியது. நோயாளிகளைப் பார்த்துப் பழகிய மருத்துவர்களுக்கே தகவல் அமைப்புகளைக் கட்டமைக்கக் கற்றுத் தருவது அதன் நோக்கம். படித்து முடித்தவர்கள் அரச சேவையிலேயே பணியாற்றினார்கள். உடனடிப் பலன் என்று காட்ட அதில் பெரிதாக எதுவும் இல்லாததால், அது வெளியுலகின் கவனத்தை ஈர்க்கவில்லை.

2020 ஜனவரி 27ஆம் தேதி இலங்கையில் முதல் கொரோனா தொற்று, சீனாவிலிருந்து வந்திருந்த சுற்றுலாப் பயணி ஒருவரிடம் கண்டறியப்பட்டது. பாதிக்கப்பட்ட நாடுகளிலிருந்து விமான நிலையத்தில் வந்திறங்குபவர்களைப் பதிவு செய்து பின்தொடர்வதற்கான அமைப்பு ஒன்றை, டிஎச்ஐஎஸ்-2 மென்பொருளைக் கொண்டு அந்த மருத்துவர்களை உள்ளடக்கிய குழு சில நாட்களிலேயே உருவாக்கியது. கொள்முதல் அறிவிப்போ, வெளிநாட்டு ஆலோசகரோ அதற்குத் தேவைப்படவில்லை. அவர்கள் எழுதியதை மாதிரியாகக் கொண்டு 40க்கும் அதிகமான நாடுகள் தத்தமது கொரோனா கண்காணிப்பு அமைப்புகளை அமைத்துக்கொண்டன. பின்னர் நார்வேயின் நகராட்சிகளும் தொற்றாளர்களின் தொடர்புகளைத் தேடிக் கண்டறிய இதே மென்பொருளைக் கையிலெடுத்தன. ஒஸ்லோவில் எழுதப்பட்ட ஒரு கருவி, கொழும்பு வழியாக நார்வேக்கே திரும்பிச் சென்றது.

இதிலிருந்து டிஎச்ஐஎஸ்-2 எல்லா நாடுகளுக்கும் ஏற்ற கருவி என்று முடிவு கட்டுவது அவசரம். அதே மென்பொருள் இருந்தும் அந்த வேகத்தில் இயங்க முடியாத நாடுகள் பல. இலங்கையிடம் பத்தாண்டுகளுக்கு மேலாகப் பயிற்றுவிக்கப்பட்ட ஆட்கள் இருந்தார்கள். ஆனால் 2022இல் ஏற்பட்ட பொருளாதார நெருக்கடிக்குப் பிறகு இலங்கையிலிருந்து மருத்துவர்கள் பெருமளவில் வெளியேறியிருக்கிறார்கள். அவர்கள் போன இடங்கள் எவை என்பது புலம்பெயர் வாசகர்களுக்கு நன்றாகவே தெரியும். மென்பொருளுக்கு உரிமம் வாங்கலாம், சர்வரை வாடகைக்கு எடுக்கலாம். அவற்றை இயக்கத் தெரிந்தவர் விமானம் ஏறிவிட்டால் மாற்று ஏற்பாடு செய்வது எளிதல்ல.

இலவசத்தின் விலை

வணிக நிறுவனங்களின் கருவிகள் ஏழை நாடுகளுக்கு உதவாதவை என்று ஒதுக்குவதும் சரியாகாது. சாம்பியாவில் 2015இல் தொடங்கிய மலேரியா ஒழிப்பு முயற்சியில், பாத் என்ற தொண்டு நிறுவனமும், டாப்லோ என்ற பகுப்பாய்வு மென்பொருள் நிறுவனத்தின் அறக்கட்டளையும் கைகோத்தன. டிஎச்ஐஎஸ்-2 வழியாக வந்த தகவல்களை டாப்லோவில் வரைபடங்களாக்கி, எந்தக் கிராமத்தில் காய்ச்சல் தலைதூக்குகிறது என்று மாவட்ட அதிகாரிகள் பார்க்க வழிசெய்யப்பட்டது. ஆழமாக ஆராய்வதற்கும், சிக்கலான கேள்விகளை வரைந்து பார்ப்பதற்கும் இத்தகைய கருவிகள் டிஎச்ஐஎஸ்-2ஐ விட வசதியானவை என்பதை அதன் ஆதரவாளர்களும் மறுப்பதில்லை.

கணக்கு வேறு இடத்தில் இடறுகிறது. டாப்லோ, பவர் பிஐ போன்றவற்றுக்கு பொதுவாகப் பயனர் ஒருவருக்கு இவ்வளவு என்று தொடர்ந்து கட்டணம் செலுத்த வேண்டும். தலைநகரில் 20 ஆய்வாளர்கள் பயன்படுத்தும் வரை அது தாங்கக்கூடிய செலவு. அதே வசதியை ஒவ்வொரு சுகாதார நிலையத்தின் செவிலியருக்கும் தர வேண்டும் என்றால் ஆயிரக்கணக்கான உரிமங்கள் வேண்டும். அறக்கட்டளைகள் தரும் சலுகை எத்தனை ஆண்டு நீடிக்கும் என்பதும் நிச்சயமில்லை. எனவே விலை காரணமாகவே பார்வை தலைநகரில் குவிந்து, கீழ்மட்டம் வெறும் எண் அனுப்பும் இடமாகவே நின்றுவிடுகிறது. மாவட்ட அலுவலகங்களில் அன்றாடம் அதிகம் திறக்கப்படுவது என்னவோ எக்செல் கோப்புதான். அதை இழிவாகக் கருதாமல், ஒழுங்காகப் பயன்படுத்தக் கற்றுக் கொடுத்தாலே பாதி வேலை முடிந்துவிடும் என்று சொல்பவர்களின் வாதத்திலும் நியாயம் இருக்கிறது.

இலவச மென்பொருளுக்கும் செலவு உண்டு என்பதை அமைச்சுகள் தாமதமாகவே உணர்கின்றன. சர்வர், மின்சாரம், காப்புப் பிரதி, பாதுகாப்பு, பதிப்பு மாற்றம் ஆகிய எல்லாவற்றுக்கும் சம்பளம் வாங்கும் ஆள் வேண்டும். மாதாந்தர எண்ணிக்கைகளைத் தொகுக்கச் சிறப்பாக இயங்கும் டிஎச்ஐஎஸ்-2, லட்சக்கணக்கான நோயாளிகளைத் தனித்தனியாகப் பதிவு செய்யும் பணிக்கு விரிக்கப்படும்போது திணறுவதாகவும் புகார்கள் உண்டு. நோயாளியின் மருத்துவ வரலாற்றைப் பேணுவதற்கென்றே ஓப்பன்எம்ஆர்எஸ் போன்ற வேறு திறந்த மூல மென்பொருட்கள் இருக்கின்றன. சத்தீஸ்கர் மாநிலத்தின் கனியாரி கிராமத்தில் இயங்கும் தொண்டு மருத்துவமனையில் உருவான பாம்னி அதன் மீது கட்டப்பட்டதுதான். இவை எல்லாவற்றுக்கும் மேலாக, ஒஸ்லோவில் டிஎச்ஐஎஸ்-2ஐ எழுதிப் பராமரிக்கும் குழுவே நார்வே அரசின் நோராட், குளோபல் ஃபண்ட், கேவி போன்ற கொடையாளர்களின் நிதியில்தான் இயங்குகிறது. கொடையாளர்கள் பின்வாங்கும் காலத்தில் அந்த வேரும் ஆடக்கூடும்.

செயற்கை நுண்ணறிவுக் கருவிகள் இந்தச் சந்தைக்கு இப்போது புதிதாக வந்திருக்கின்றன. பணக்கார நாடுகளின் நோயாளிகளைக் கொண்டு பயிற்றுவிக்கப்பட்டவை ஏழை நாடுகளில் சரியாக இயங்காமல் போகலாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2021 ஜூனிலேயே எச்சரித்திருந்தது. மூன்று மாதமாக ஒரே எண்ணை அனுப்பும் சுகாதார நிலையத்தின் கணக்கிலிருந்து அவை எதைக் கற்றுக்கொள்ளும் என்ற கேள்வியும் இருக்கிறது.

நைரோபி நீதிமன்றத்தில்

வெளிநாட்டு உதவியை நிறுத்திய அமெரிக்கா, 2025 செப்டம்பரில் சர்வதேச சுகாதாரத்துக்கான புதிய கொள்கையை அறிவித்தது. தொண்டு நிறுவனங்கள் வழியாகச் செல்வதைக் குறைத்து, அரசுகளுடன் நேரடியாக உடன்படிக்கை செய்துகொள்வது அதன் சாரம். அதன் கீழ் முதலில் கையெழுத்திட்ட நாடு கென்யா. 2025 டிசம்பர் 4ஆம் தேதி கையெழுத்தான ஐந்தாண்டு உடன்படிக்கையின்படி, அமெரிக்கா 160 கோடி டாலர் வரை வழங்கும் என்றும், கென்யா தன் சொந்தச் சுகாதாரச் செலவை 85 கோடி டாலர் அளவுக்கு உயர்த்தும் என்றும் அறிவிக்கப்பட்டது.

பணத்தைவிட அதிகச் சர்ச்சையை உண்டாக்கியது தகவல் பகிர்வு குறித்த பகுதி. கென்யர்களின் மருத்துவத் தகவல்கள் அமெரிக்காவுக்குப் போகும் என்று கூறி, நாட்டின் 2019ஆம் ஆண்டுத் தகவல் பாதுகாப்புச் சட்டத்தைச் சுட்டிக்காட்டி, நுகர்வோர் அமைப்பு ஒன்று வழக்குத் தொடர்ந்தது. உடன்படிக்கை கையெழுத்தாகி ஒரு வாரத்துக்குள், தகவல் பகிர்வு தொடர்பான பகுதியை நடைமுறைப்படுத்த நைரோபி உயர் நீதிமன்றம் இடைக்காலத் தடை விதித்தது. 2011இல் வெளிநாட்டு சர்வரில் தன் தேசியக் கணக்கைத் தொடங்கியபோது அமைதியாக இருந்த நாடு அது.

தனிநபர்களை அடையாளம் காட்டும் விவரங்கள் எதுவும் பகிரப்படாது, தொகுக்கப்பட்ட எண்ணிக்கைகள் மட்டுமே பகிரப்படும் என்று கென்ய அரசுத் தரப்பு விளக்கமளித்தது. அந்த விளக்கம் எவ்வளவு தூரம் செல்லுபடியாகும் என்பது பெரிதும் கருவியின் அமைப்பைப் பொறுத்தது. ஒரு மாவட்டத்தில் எச்ஐவி சிகிச்சை பெறும் பெண்கள் 4,000 பேர் என்பது வெறும் எண்ணிக்கை. அதே அட்டவணையைச் சுகாதார நிலையம், வயது, பாலினம், கர்ப்பம் என்று பிரித்துக்கொண்டே போனால், ஒரு சிறிய ஊரின் கட்டத்தில் 1 என்ற எண் வந்து நிற்கும். அந்த ஒருவர் யார் என்பதை அந்த ஊரில் தெரியாதவர் இருக்க மாட்டார்கள். இத்தகைய சிறிய எண்களைத் தானாகவே மறைக்கும் வசதி கருவியில் இருக்க வேண்டும் என்ற நிபந்தனையை ஒப்பந்தப்புள்ளிகளில் எழுதுவதற்குப் பெரிய செலவு எதுவும் பிடிக்காது. வண்ண வரைபடங்களுக்கு ஒதுக்கப்படும் பக்கங்களில் ஒரு வரி போதும்.